பன்னிரண்டு கதவுகளும் ஒரே படத்தில்

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேரிடம் நீங்கள் பிறந்த வீட்டின் படம் இருக்கிறது?

மகளிர் குழுக் கூட்டங்களில் நான் இந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு. வன்னியில் கேட்டபோது கை உயர்த்தியவர்கள் மிகச் சிலர். கலியாண அல்பமும் பிள்ளைகளின் முதலாம் பிறந்த நாள் படமும் பள்ளிக்கூடப் படமும் 2009 இல் ஏதோ ஒரு பதுங்கு குழியிலோ பாதையோரத்திலோ விட்டுப்போனவை. மாத்தளைத் தோட்டங்களில் கேட்டாலும் கைகள் குறைவாகத்தான் உயர்கின்றன. அதற்குக் காரணம் வேறு. ஸ்டூடியோவுக்குப் போனால் ஆட்களை எடுப்பார்கள். லயத்தை யார் படம் பிடிப்பார்கள்?

நாங்கள் ஒரு லயத்தைப் படம் பிடித்த கதையைத்தான் எழுதப் போகிறேன். பெயர்களை எழுத வேண்டாம் என்று அக்காவும் தங்கையும் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

அக்கா இருப்பது ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட லயம். ஆறாவது காம்பரா அவருடையது. அவர் பிறந்ததும் அங்கேதான். 1983 ஜூலைக் கலவரத்தின் பின் அவருடைய அப்பா, இனி இங்கே இருக்க முடியாது என்று சொல்லி, மற்றப் பிள்ளைகளுடன் வவுனியாவுக்கும் பிறகு கிளிநொச்சிக்கும் போய்விட்டார். அக்காவுக்கு அப்போதே கலியாணம் முடிந்திருந்தது, புருசன் தோட்டத்தில் வேலை. அவர் போகவில்லை. தங்கைக்கு அப்போது பதின்மூன்று வயது. 1977 இலும் 1983 இலும் இப்படி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு ஒரு வாழ்நாளில் இரண்டு ஊர்கள் இல்லாமற் போயின.

மாத்தளையையும் கிளிநொச்சியையும் இணைப்பது ஒரே வீதிதான், ஏ9. ஆனால் அந்த வீதி 1990 முதல் 2002 வரை மூடிக் கிடந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடப்பட்டது. போரின் கடைசி மாதங்களில் தங்கை புருசனையும் தன் இடது காலையும் இழந்தார். முகாமில் இருந்து வெளியே வந்த பிறகுதான் அக்காவின் குரலைத் தொலைபேசியில் கேட்டார்.

2016 இல் நான் அந்தத் தோட்டத்து மகளிர் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தேன். பேராதனையில் சமூகவியல் படித்து முடித்து வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஒருநாள் அக்கா தொலைபேசியை என் கையில் தந்து, "மிஸ், தங்கச்சி என்னமோ கேக்குறா, நீங்களே பேசுங்க" என்றார். தங்கை கேட்டது இது:

"அக்கா மகன் படம் அனுப்புறான் மிஸ். ஒன்னுல கதவு தெரியுது, ஒன்னுல கோழி தெரியுது. எனக்கு முழு லயத்தையும் பாக்கணும். இந்தத் தலையில இருந்து அந்தத் தலை வரைக்கும், மலையோட."

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

அலுவலகத்துச் சிறிய டிஜிட்டல் கமராவை எடுத்துக்கொண்டு போனேன். லயத்துக்கு முன்னால் இருக்கும் வாசல் அகலமில்லாதது. பத்தடி தள்ளினால் கான், கானுக்கு அப்பால் சரிவு. நடுவில் நின்று, நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி ஏழு படங்கள் எடுத்தேன். மாத்தளை நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் அவற்றைக் கணனியில் ஒட்டி ஒரே நீட்டாக அச்சடித்துத் தந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

குழுக் கூட்டத்தில் அதை விரித்தபோது வந்தது வினை. லயம் நடுவில் வயிறு வைத்தாற்போல் வீங்கி, இரண்டு பக்கமும் சுருங்கிப் போயிருந்தது. ஓரத்துக் காம்பராவில் இருக்கும் ஒரு அம்மா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்க வீட்ட மட்டும் ஏன் மிஸ் கோழிக்கூடு மாதிரி எடுத்திருக்கீங்க?" என்று கேட்டார். இன்னொருவர், "தலைவர் வீடு நடுவுல இருக்குல்ல, அதான் பெருசு" என்றார். சிரிப்பு எழுந்தது, ஆனால் முழுக்கச் சிரிப்பு அல்ல. வீட்டுத் திட்டம், தகரம் பகிர்வு, தண்ணீர்க் குழாய் என்று எது வந்தாலும் ஓரத்துக் காம்பராக்களுக்குக் கடைசியில்தான் வரும் என்ற மனக்குறை அங்கே ஏற்கெனவே இருந்தது. என்னுடைய படமும் அதையே செய்திருந்தது.

பிழை எங்கே என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நடுக் கதவு என்னிலிருந்து ஏறக்குறைய பத்தடி. கடைசிக் கதவு ஐம்பத்தைந்து அடிக்கு மேல். தூரம் ஐந்து மடங்கு கூடினால் கதவின் உயரம் படத்தில் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். கமராவுக்கு ஓரவஞ்சனை கிடையாது. நான் நின்ற இடம்தான் பிழை.

இத்தகைய நீட்டுப் படங்களை பனோரமா என்கிறார்கள். கிரேக்கச் சொற்களில் இருந்து கட்டிய பெயர், எல்லாவற்றையும் காண்பது என்று பொருள். புகைப்படம் வருவதற்கு முன்பே இந்தச் சொல் வந்துவிட்டது. ரொபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் வட்டமான கட்டிடத்தின் உட்சுவர் முழுவதும் ஒரே காட்சியை வரையும் முறைக்கு 1787 இல் காப்புரிமை பெற்றார். மக்கள் காசு கொடுத்து உள்ளே போய் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்கள். 1839 இல் புகைப்படக் கலை வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆறே வருடத்தில், 1845 இல், மார்ட்டென்ஸ் என்பவர் பாரிஸில் லென்ஸ் தானே பக்கவாட்டில் திரும்பும் கமரா ஒன்றைச் செய்து ஏறக்குறைய 150 பாகைக் காட்சியை ஒரே தகட்டில் பிடித்தார். 1904 இல் வந்த சேர்க்கிட் கமராவோ முக்காலி மேல் முழுதாகவே சுழலும். அது சுழலும் வேகத்துக்கு ஏற்ப உள்ளே பிலிமும் நகரும். நூற்றுக்கணக்கான மாணவர்கள் நிற்கும் பள்ளிக்கூடப் படங்களை அதில்தான் எடுத்தார்கள். கமரா மெதுவாகத் திரும்புவதால், இடது ஓரத்தில் நின்ற குறும்புக்காரப் பையன் பின்பக்கமாக ஓடி வலது ஓரத்துக்குப் போய்விட்டால் ஒரே படத்தில் இரண்டு இடத்தில் சிரித்துக்கொண்டு நிற்பான்.

இந்தக் கலைக்கும் போருக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1857 இந்தியக் கிளர்ச்சி நசுக்கப்பட்ட பின், 1858 இல் பெலிஸ் பியாற்றோ லக்னோவின் இடிபாடுகளைத் துண்டு துண்டாக எடுத்து நீளமாக ஒட்டினார். 1945 ஒக்டோபரில் சிகேயோ ஹயாஷி ஹிரோஷிமாவின் உயரமான கட்டிடம் ஒன்றின் மேல் நின்று அழிந்த நகரைச் சுற்றிவர எடுத்தார். 1991 இல் ஜோசப் கூடெல்கா பெய்ரூட்டின் சிதைந்த வீதிகளைப் பனோரமாக் கமராவில் எடுத்தார். அவற்றின் பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். மறுக்க முடியாத சாட்சியங்கள் அவை. ஆனாலும் அங்கே இருந்த ஒரு பெண் வந்து, "இதில் என் கதவு எது?" என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டுவது கடினம். எங்களுக்குத் தேவைப்பட்டதோ விரல் வைத்து எண்ணக்கூடிய படம்.

அதற்கு வழி தஞ்சாவூரில் கிடைத்தது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயக் கப்டன் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858 இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் படம் எடுக்க விரும்பினார். நடுவில் நின்று திரும்பினால் ஓரத்து எழுத்துக்கள் சுருங்கி வாசிக்க முடியாமற் போகும். எனவே கமராவைச் சுவரோடு நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு துண்டையும் நேருக்கு நேராக எடுத்தார். காகித நெகட்டிவ் காலம் அது. 21 படங்களை ஒட்டியபோது 19 அடி நீளம் வந்தது. எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு கிடைத்தது.

இந்த இடத்தில் சற்று விலகிப் போக அனுமதியுங்கள். அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டில் ராஜராஜ சோழன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருத்திக்கும் விலாசம் வெட்டியிருக்கிறார்கள். வருடத்துக்கு நூறு கலம் நெல் கொண்ட பங்கு ஒவ்வொரு பெண்ணுக்கும் விதிக்கப்பட்டிருக்கிறது. அவர்களுடைய வாழ்க்கை சுதந்திரமானதா என்பது வேறு கேள்வி. ஆனால் வரிசை வீடுகளில் இருந்த பெண்களை முதலாம் வீடு, இரண்டாம் வீடு என்று பெயரோடு எழுதியதைப் படித்தபோது எனக்கு எங்கள் லயம்தான் ஞாபகம் வந்தது. பல தோட்டங்களில் லயத்துக்கு இலக்கம்தான் இருக்கும், பெயர் இருக்காது.

ஆக, நீட்டுப் படத்துக்கு அடிப்படையில் இரண்டு வழிகள். நின்று திரும்புவது ஒன்று, நடந்து ஒட்டுவது மற்றது. நாங்கள் நடக்கத் தீர்மானித்தோம்.

ஒரு கயிற்றைச் சுவருக்குச் சமாந்தரமாகக் கான் ஓரத்தில் இழுத்துக் கட்டினோம். காம்பராவுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் நின்று, கமராவை நெஞ்சு உயரத்தில் பிடித்து, கதவுக்கு நேராக ஒரு படம். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும், வெயில் மாறினால் ஒரு காம்பரா வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். பிள்ளைகளை இஸ்தோப்பில் உட்கார வைத்தோம். அப்படியும் ஒரு பையன் மூன்று வீட்டில் இருக்கிறான். ஒரு நாய் நான்கு வீட்டில்.

பிரிண்டுகள் வந்ததும் பெண்கள் சுற்றியிருந்து பாயில் பரப்பினார்கள். அப்போது இன்னொரு வேடிக்கை தெரிந்தது. நான் பத்தடி நடந்தால் கதவு மாறும், ஆனால் கூரைக்கு மேலே தெரியும் நக்கிள்ஸ் மலை மாறாது. தூரத்தில் இருப்பது அசையாமல் கூடவே வரும். பஸ்ஸில் போகும்போது நிலா கூட வருவதில்லையா, அதுபோல. பன்னிரண்டு படத்திலும் அதே மலை. "ஆளுக்கொரு மலை குடுத்திட்டீங்களே மிஸ், இதாவது சமமா குடுத்தீங்களே" என்று முன்பு கோபித்த ஓரத்து வீட்டு அம்மாவே சொன்னார்.

தீர்வு சொன்னதும் அவர்தான். கூரை ஓரத்தோடு மலைகளைக் கத்தரித்துவிட்டு, மலையைத் தனியாக நின்று எடுத்து மேலே ஒட்டலாம் என்றார். அப்படியே செய்தோம். மேல் பாதையில் ஒரு இடத்தில் நின்று திரும்பி எடுத்த நான்கு படங்கள் மலைக்கு. நடந்து எடுத்த பன்னிரண்டு படங்கள் லயத்துக்கு. இரண்டு முறையும் ஒரே தாளில் சேர்ந்தன. அளவுகள் சரியாகப் பொருந்தவில்லை, புகைப்பட வல்லுநர் யாரும் ஏற்கமாட்டார். ஆனால் லயத்தில் இருப்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒட்டும் வேலையை நான் செய்தேன். ஓரங்கள் கொஞ்சம் கோணலாக இருந்தன. துப்புரவாக வரட்டும் என்று ஒவ்வொரு பிரிண்டின் இரண்டு பக்கத்திலும் கால் அங்குலம் கத்தரித்துவிட்டேன். ஆறு அடிக்குச் சற்றுக் குறைவான சுருள் வந்தது. அதை ஒரு பிவிசி குழாய்க்குள் வைத்துக் கிளிநொச்சி பஸ்ஸில் ஏறினேன்.

தங்கையின் வீட்டில் பாயை விரித்துச் சுருளைத் திறந்தோம். சுருண்டுகொள்ளாமல் இருக்க மகள் நான்கு மூலையிலும் கோப்பைகளை வைத்தார். தங்கை நிலத்தில் அமர்ந்து, இடப்பக்கத்தில் இருந்து கதவுகளை விரலால் எண்ணிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கதவிலும் அந்தக் காலத்தில் இருந்தவர்களின் பெயர். ஆறாவதில் விரல் நின்றது. ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் நெடுநேரம் பார்த்தார்.

"கல்லு எங்க?"

எனக்கு விளங்கவில்லை.

"அப்பா ஒரு கருங்கல்லு போட்டிருந்தாரு. அந்திக்கு அதுல உக்காந்துதான் வெத்தல போடுவாரு. எடுத்திட்டாங்களா?"

அப்பா வன்னியிலேயே இறந்தவர். அவருடைய படம் ஒன்றுகூட மிச்சமில்லை. எனக்கு அந்தக் கல்லைப் பற்றித் தெரியாது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நான் அக்காவுக்கு அழைப்பெடுத்துத் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கல்லா? அதுல உக்காந்துதான் ஒங்ககூட பேசிக்கிட்டிருக்கேன்" என்றார் அக்கா.

கல் போன இடம் என் கத்தரிக்கோல். பத்தடிச் சுவர் ஆறு அங்குலப் பிரிண்டில் அடங்கியிருந்தது. ஒட்டின் இரு பக்கமும் கால் அங்குலமாக வெட்டியபோது ஏறக்குறைய பத்து அங்குலச் சுவர் காணாமற் போனது. அந்தக் கல் அதற்குள் இருந்தது. சமூகவியல் வகுப்பில் களத்தில் கவனிப்பது எப்படி என்று நிறையப் படித்தேன். மாதம் இரண்டு முறை அந்த லயத்துக்குப் போய் வந்தேன். அந்தக் கல்லை ஒருநாளும் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். நான் வெட்டிப் போட்ட ஓரத் துண்டுகளை அவர் வீசாமல் சேர்த்து வைத்திருந்தார். ஒரு துண்டில் பாதிக் கல் இருந்தது.

2017 தைப் பொங்கலுக்குப் பிறகு மறுபடியும் எடுத்தோம். இந்த முறை கயிற்றில் இருபத்து நான்கு முடிச்சு. அதாவது ஒவ்வொரு படத்திலும் பாதி, அடுத்த படத்திலும் இருக்கும். எந்தக் கல்லும் இரண்டு படத்திலாவது இருக்கும். செலவு இரட்டிப்பு. முதல் தடவை பிரிண்ட் காசை மிச்சம் பிடிக்கத்தான் பன்னிரண்டோடு நிறுத்தியிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால், இப்போது கையடக்கத் தொலைபேசியிலேயே பனோரமா வசதி இருக்கிறது. தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் உயரம் கூடுதலாக அகப்படும். பெரும்பாலானோர் செய்யும் பிழை, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்புவது. அப்போது தொலைபேசி ஒரு வட்டத்தில் ஊர்வலம் போகிறது, கிட்ட இருக்கும் பொருட்கள் உடைந்து வருகின்றன. ஏன் என்று அறிய ஒரு விரலை முகத்துக்கு முன்னால் பிடித்து, ஒரு கண்ணையும் பிறகு மறு கண்ணையும் மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறும், தூரத்து மரம் அசையாது. எனவே தொலைபேசி இருந்த இடத்தில் இருக்க, நீங்கள்தான் அதைச் சுற்றி அடி வைக்க வேண்டும். இதற்கு முக்காலி தேவையில்லை. தொலைபேசியில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். அதன் கீழே ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பும்போது கல் நாணயத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ரிவஸ்டனில் இதைச் செய்தபோது காற்று கல்லையே தூக்கி ஆட்டியது, அங்கே மட்டும் பலிக்கவில்லை.

உயரமானதற்கும் இதே முறைதான், நிமிர்ந்து நிமிர்ந்து எடுத்து ஒட்டலாம். 1983 இல் சேதமாக்கப்பட்டு மீண்டும் எழுந்த மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராஜகோபுரத்தை வீதியில் நின்று ஒரே படத்தில் அடக்குவது சிரமம். கீழே இருந்து கலசம் வரை ஐந்து படங்களில் எங்கள் குழுப் பெண் ஒருவர் எடுத்தார்.

குழுப் படம் என்றால் நேர் வரிசையில் நிற்காதீர்கள், ஓரத்தில் நிற்பவர் சிறுத்துப் போவார். கமராவைச் சுற்றி அரை வட்டமாக உட்காருங்கள். எல்லோரும் சம தூரம், எல்லோரும் சம அளவு. படத்தில் நேர் வரிசை போலவே தெரியும். பழைய சேர்க்கிட் காலத்துப் புகைப்படக்காரர்களின் உபாயம் இது.

ஒரு எச்சரிக்கை. வன்னியில் வீட்டாரை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தாலே பதிவு, விசாரணை என்று பயந்த காலம் இருந்தது. அந்தப் பயம் இன்னமும் பலரிடம் இருக்கிறது. நீட்டுப் படத்தில் நீங்கள் நினைக்காதவர்களும் விழுவார்கள். எடுப்பதற்கு முன் எல்லாக் கதவிலும் கேளுங்கள். எங்கள் லயத்தில் ஒன்பதாவது காம்பராக்காரர் சம்மதிக்கவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தார், படத்தில் சாத்திய கதவு இருக்கிறது. சம்மதித்தவர்களின் படத்தையும் முகநூலில் போடுவதில்லை என்று முடிவெடுத்தோம்.

2023 இல் மலையக மக்கள் வந்து 200 வருடங்கள் ஆனதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரில் இருந்து ஒரு நடைபயணம் ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளையில் முடிந்தது. நடந்தவர்களைப் பார்க்க அக்கா நகரத்துக்கு வந்திருந்தார். அன்று என் தொலைபேசியை வாங்கி, நின்று திரும்பித் தன் கையாலேயே ஒரு நீட்டுப் படம் எடுத்துத் தங்கைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். பாதிப் பேருக்குத் தலை இல்லை.

தங்கை 2017 இன் சுருளைக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், படுத்திருந்தாலும் தெரியும் உயரத்தில் தாழ ஒட்டியிருக்கிறார். கல் இருக்கும் இடம் கை பட்டுப் பட்டு வெளுத்துவிட்டது என்று மகள் சொன்னார். இப்போது பின்பக்கமும் வேண்டுமாம், அம்மா விறகு அடுக்கிய பக்கம் அதுதானே என்கிறார். லயத்தின் பின்னால் மூன்று அடிதான் இடம், அதற்கு மேல் மண் திட்டு நிற்கிறது. மூன்று அடியில் இருந்து எடுத்தால் எத்தனை முடிச்சுப் போட வேண்டும் என்று அக்காவும் நானும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எண்பது வரை வருகிறது.